டென்னி அவ்வளவு மெதுவாக வாசிக்கவில்லை

வெய்ன் வீட்டுக்கு வந்திருந்த பார்சலில் எங்கள் பழைய இசைத்தட்டின் மாதிரி ஒன்று இருந்தது. இருபத்தாறு வருடம் கழித்து கம்பெனிக்காரர்கள் அதைப் புதிதாக அச்சிட்டு வெளியிடப் போகிறார்கள். அதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மூன்று பேர் என்றால் பாடிய வெய்ன், பேஸ் கிட்டார் வாசித்த நான், டிரம்ஸ் வாசித்த என் தம்பி டென்னி. டென்னி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் இடத்தில் அவன் மனைவி பெக்கி கையெழுத்துப் போடுவாள்.

என் பெயர் ரோண்டா. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். நான் ஒரு காலத்தில் பாட்டுக் குழுவில் இருந்தேன் என்று சொன்னால் என் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சிரிக்கும். அதுகளைச் சொல்லிக் குற்றமில்லை. காலை ஆறரை மணிக்கு என் முகத்தைப் பார்க்கிற யாருக்கும் சங்கீத நினைப்பு வராது.

நாங்கள் வாசித்ததை ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி என்று சொன்னார்கள். கன்ட்ரி பாட்டுக் கேட்கிறவர்கள் எங்களை ராக் என்று ஒதுக்கினார்கள், ராக் கேட்கிறவர்கள் கன்ட்ரி என்று ஒதுக்கினார்கள். இருவருமே ஒதுக்கியதற்கு வைத்த பெயர் அது. இசைத்தட்டின் பெயர் 'கரைச்சாலை'. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊருக்குள் வராமல் இருக்கப் போட்ட மண்கரையின் மேல் ஓடும் சாலை அது. பத்துப் பாட்டும் அந்தச் சாலையில் காணாமல் போனவற்றைப் பற்றித்தான். மூடிப்போன பவுலிங் கூடம், மூடிப்போன நடனக்கொட்டகை, மூடிப்போன சோடா கம்பெனி. இவை எல்லாம் மூடியபோது பாட்டு எழுதிய வெய்னுக்கு இரண்டு வயது. தான் கண்ணால் பார்க்காத பவுலிங் கூடத்தை நினைத்து ஒருவன் இருபத்துமூன்று வயதில் அப்படி உருகினான் என்றால், அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அந்தத் தட்டு ஓரளவு பேர் வாங்கியது. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் மெச்சினார்கள். அதன் மெதுவான நடை. நியூயார்க்கில் இருந்து ஒருவர், கோடைகாலத்து ஆறு போல நகரும் இசை என்று எழுதினார். கோடைகாலத்தில் எங்கள் ஆற்றுப் பக்கம் அவர் வந்திருந்தால் கொசு தூக்கிக்கொண்டு போயிருக்கும். வெய்னின் குரலை, இருபத்துமூன்று வயதுப் பையனுக்குள் இருக்கும் அறுபது வயதுக் கிழவன் என்றார்கள். டென்னியின் டிரம்ஸை, அரைத்தூக்கத்தில் வாசித்தது போன்ற அழகு என்றார்கள்.

டென்னிக்கு அது மட்டும் பொறுக்கவில்லை.

"நான் அவ்ளோ மெதுவா வாசிக்கலை" என்றான் முதல் நாள். மறுநாளும் சொன்னான். குழு கலைந்து டயர் கடை வைத்த பிறகும் சொன்னான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் யாராவது, நீங்கள் அந்த டென்னி கோர்னர்தானே என்று அடையாளம் கண்டுகொண்டால் போதும், அவர்கள் டயரைக் கையில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் விளக்குவான். நன்றி கூறும் நாள் விருந்தில் வான்கோழி வெட்டும்போது சொல்வான். டேப்பில் ஏதோ கோளாறு, தன் கையில் இல்லை என்பது அவன் கட்சி. வெய்ன் சிரிப்பான். "டேய், நீ இழுத்து இழுத்து வாசிச்சே, அதனாலதான் நமக்குப் பேரே வந்துச்சு. சந்தோஷப்படுடா" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஊர்ப் பத்திரிகையில் வந்த அவன் இரங்கல் குறிப்பில்கூட 'அவசரமில்லாத வாசிப்புக்குப் பெயர்பெற்றவர்' என்றுதான் போட்டார்கள். பெக்கி அந்தப் பத்திரிகை ஆபீசுக்கே போய் மேசையைத் தட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் டென்னி சொன்னது சரி. அது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு செய்த பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதை ஸ்டூடியோவில் முடிவு செய்ய மாட்டோம். கேசட்டில் நகலெடுத்து, பிக்கப் டிரக்கில் போட்டு, ஓட்டிக்கொண்டே கேட்டுப் பார்ப்போம். எங்கள் பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் டிரக்கில்தானே கேட்கப் போகிறார்கள். அந்த அக்டோபரில் என் சிவப்பு டிரக்கின் முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கரைச்சாலையில் தானியக் கிடங்குவரை போய்த் திரும்பினோம். வழக்கப்படி, கிடங்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்காவிட்டால் பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டென்னி மட்டும் ஏதோ சொல்ல வந்தான். நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பிக் கேட்டால் பாட்டு சப்பென்று இருந்தது. குழந்தைகள் பாடியது போல இருந்தது. டிரக்கில் கேட்டது போலவே வேண்டும் என்று ஒலிப்பதிவு செய்த ப்ளெட்ஸோவிடம் அடம் பிடித்தோம். ப்ளெட்ஸோ கேட்டதைச் செய்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். எழுந்து போய் என் டிரக்கில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டார், திரும்பி வந்தார், ஒரு குமிழைக் கொஞ்சம் திருகினார். அதுதான், அதேதான் என்று கத்தினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு டேப் பெட்டியின் மேல் பென்சிலால் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கடையில் விற்கும் கேசட் வந்தது. ஆசையாக என் டிரக்கில் போட்டேன். வெய்னின் குரல் கன்று போட்ட மாட்டின் குரல் மாதிரி வந்தது. பாட்டு நடக்கவில்லை, தவழ்ந்தது. ஏற்கனவே இழுவையான பாட்டு இன்னொரு பங்கு இழுத்தது. கரைமேல் வண்டியை நிறுத்தினேன். பதிவுக்கு முந்தைய கோடையில் ஸ்ட்ராபெரி சோடா ஒரு பாட்டில் முழுவதும் டிரக்கின் கேசட் பிளேயருக்குள் கவிழ்த்திருந்தேன். காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். காயவில்லை. என் டிரக் எந்தப் பாட்டையும் மெதுவாகத்தான் பாடியது. ப்ளெட்ஸோ அதற்குத் தகுந்தபடி எங்கள் பாட்டையே மெதுவாக்கிக் கொடுத்துவிட்டார். கோடைகாலத்து ஆறும் இல்லை, அறுபது வயதுக் கிழவனும் இல்லை. எல்லாம் என் சோடா.

அன்றைக்கே திருப்புளியால் அந்தக் கேசட் பிளேயரைக் கழற்றி ஆற்றில் வீசினேன். சொல்லியிருக்கலாம். ஆனால் வெய்ன் அப்போதுதான் கோழிப் பண்ணை வேலையை விட்டிருந்தான், போகிற இடமெல்லாம் அவன் குரலைக் கொண்டாடினார்கள். இன்னொரு மாதம் போகட்டும் என்று இருந்தேன். ஒரு வருடம் போனபின் சொன்னால், ஏன் ஒரு வருடம் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பத்து வருடம் போனபின் சொல்வது அதைவிடக் கஷ்டம். கடைசியில் டென்னியே போய்விட்டான். இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த மார்ச் மாதச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மதியம் இரண்டு மணிக்கு வெய்ன் வீட்டுக் கார் ஷெட்டில் கூடினோம். பெக்கி வெண்ணெய் கேக் செய்து எடுத்துவந்திருந்தாள். வெய்ன் இப்போது முன்வழுக்கை, ஆனால் பாடகன் என்பதால் பின்னால் மட்டும் முடியை விட்டு வைத்திருக்கிறான். ஜூன் மாதம் செயின்ட் லூயிஸில் நடக்கப் போகும் கச்சேரிக்கு டிக்கெட் முழுவதும் விற்றாகிவிட்டது என்று மூன்று தடவை சொன்னான். தட்டை எடுத்து, சட்டையில் ஒரு தடவை துடைத்து, பிளேயரில் வைத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கம் வந்தது. முதல் பாட்டுக்கு முன் டென்னி குச்சியைத் தட்டி நாலு எண்ணுவான். தட்டில் அது உறங்கி எழுந்தவன் எண்ணுவது போல இழுத்து இழுத்து வரும். அந்த நாலை மட்டும் பச்சை குத்திக்கொண்டவர்களே இருக்கிறார்கள். ஆனால் அன்று வந்தது வேறு. சுறுசுறுவென்று, கொஞ்சம் கீச்சுக் குரலில், "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று ஒரு பையன் எண்ணினான். பாட்டு குதித்துக்கொண்டு கிளம்பியது. வெய்னின் குரல் சர்ச்சில் பரிசு வாங்கிய சிறுவனின் குரல் போல இருந்தது. மூடிப்போன பவுலிங் கூடத்தைப் பற்றி அவன் பாடியதைக் கேட்டால், அது மூடியதில் அவனுக்கு ரொம்ப சந்தோஷம் என்று தோன்றும்.

வெய்ன் பாய்ந்து ஊசியைத் தூக்கினான். பிளேயரில் வேகம் மாற்றும் பட்டனைப் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. பிளேயரின் பக்கவாட்டில் ஒரு அடி கொடுத்தான். வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தான், அது ஒழுங்காகப் பாடியது. மறுபடி எங்கள் தட்டு, மறுபடி அந்தப் பையன்கள்.

நான் பார்சல் பெட்டியை மடிப்பது போலக் கையில் எடுத்தேன். அடியில் ஒரு கடிதம் கிடந்தது. சிகாகோவில் இருந்து டெஸ்ஸா என்ற பெண் எழுதியிருந்தாள். ப்ளெட்ஸோ வீட்டில் மூல டேப் கிடைத்ததாம். பெட்டியின் மேல் பென்சிலால் 'டிரக் வேகம்' என்று எழுதியிருந்ததாம், அர்த்தம் புரியவில்லையாம். எப்படியோ பழைய தட்டு தவறான வேகத்தில் வெளியாகிவிட்டது, இப்போது நீங்கள் வாசித்த உண்மையான வேகத்துக்குத் திருத்திவிட்டோம், மகிழ்ச்சி அடைவீர்கள் என்று நம்புகிறேன், அன்புடன். வெய்ன் கடிதம் படிக்கிற ஆள் இல்லை. நாலாக மடித்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

வெய்ன் கம்பெனிக்காரர்களை வைய ஆரம்பித்தான். தட்டைப் பாழாக்கிவிட்டார்கள், யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, திருப்பி அனுப்பிவிடலாம் என்றான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தோடு முடிந்திருக்கும்.

கேக் வெட்டும் கத்தி பெக்கி கையில் அப்படியே நின்றிருந்தது. "அந்த ஆரம்பத்தை மட்டும் இன்னொரு தடவை போடு வெய்ன்" என்றாள்.

போட்டான். மறுபடி போடச் சொன்னாள். நாலாவது தடவை வெய்ன் சலித்துக்கொண்டான். பெக்கி கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"இது டென்னி. அவன் இப்படித்தான் பேசுவான். மூணு வருஷமா அந்தப் பழைய தட்டைப் போட்டுப் போட்டு, அவன் குரலே அந்த இழுவைதான்னு எனக்கு ஆயிடுச்சு. இப்பதான் ஞாபகம் வருது."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நானும் அதே இழுவைக் குரலைத்தான் என் தம்பியின் குரல் என்று மனதில் வைத்திருந்தேன். சோடாவால் பாட்டைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் குரலையும் எங்கள் எல்லோரிடமிருந்தும் பறித்திருக்கிறேன். பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். பிறகு டிரக்கையும், சோடாவையும், ஆற்றில் வீசிய கேசட் பிளேயரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

வெய்ன் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் விரல்விட்டு ஏதோ எண்ணினான். விஷயம் என்னவென்றால், டேப் மெதுவாக ஓடினால் சுருதியும் இறங்கிவிடும், அதனால் அந்தத் தட்டோடு கிட்டாரைச் சேர்த்து வாசிக்கப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சுருதி சேரவில்லை. நீங்கள் கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கிறீர்களா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, வெய்ன் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம், இது எங்கள் ஆற்றோரத்துப் பழக்கம் என்று அடித்து விட்டிருந்தான். சொன்னதற்காக அன்றிலிருந்து தளர்த்தியே வாசிக்கிறான், தொண்டையை அடக்கியே பாடுகிறான்.

"அப்ப இருபத்தாறு வருஷமா நான் உன்னோட சோடாவுக்குத்தான் சுருதி சேத்துக்கிட்டு இருந்தேனா?" என்றான்.

"ஸ்ட்ராபெரி சோடா" என்றேன். உண்மை சொல்வது என்று முடிவான பிறகு முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

பெக்கி கேக்கை வெட்டினாள். வெய்னுக்கு ஒரு துண்டு வைத்தாள், தனக்கு ஒன்று வைத்துக்கொண்டாள், டப்பாவை மூடினாள். எனக்கு இல்லை. பெக்கி வீட்டுக்கு யார் வந்தாலும் கேக் கிடைக்கும். மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவனுக்கே கொடுத்திருக்கிறாள்.

"கடைசியா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போகூட அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட சொன்னான். நான் அவ்ளோ மெதுவா வாசிக்கலைம்மான்னு. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்தே ரோண்டா. சிரிச்சே."

சிரித்தேன். மறுக்க முடியாது. மன்னித்துவிடு என்றேன். அவள் கேக்கைப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பிறகு சண்டை கையெழுத்துக்கு வந்தது. டென்னி வாசித்த வேகத்தில்தான் தட்டு வர வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் பெக்கி. இந்த வேகத்தில் வந்தால் தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான் வெய்ன். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மெதுவான அந்தத் தட்டைப் போட்டுத்தான் ஜனங்கள் காதலித்தார்கள், பிரிந்தார்கள், சிலர் அப்பா அம்மாவைக்கூட அடக்கம் செய்தார்கள். இந்தக் குதியாட்டத்தை வைத்து யாரை அடக்கம் செய்வது? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் இரண்டையும் இறக்கிவிடுவேன். இங்கே இறங்க வேண்டியவள் நான்.

பெக்கி மறுபடி ஊசியை ஆரம்பத்தில் வைத்தாள். ஒன் டூ த்ரீ ஃபோர். அதைக் கேட்டபோது எனக்கு அந்தக் காலத்து ஒத்திகைகள் ஞாபகம் வந்தன. டென்னி எண்ணி முடிப்பான், நாங்கள் உள்ளே வருவதற்குள் அவன் பொறுமை போய்விடும். குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவான். நான் எண்ணுறது ஒண்ணு, நீங்க வர்றது ஒண்ணு, ஏன்டா எப்பவும் லேட்டா வர்றீங்க என்பான்.

"அந்த நாலை மட்டும் இப்ப இருக்கிற வேகத்துலயே விட்டுருவோம்" என்றேன். "அதுக்கப்புறம் பாட்டு பழைய மாதிரி மெதுவா வரட்டும். அவன் சரியா எண்ணட்டும், நாம எப்பவும் போல லேட்டா வருவோம்."

வெய்ன் யோசித்தான். கேட்பதற்கு விநோதமாக இருக்கும் என்றான். இருக்கட்டும், நியூயார்க்காரர் அதற்கும் ஒரு ஆற்றைக் கண்டுபிடிப்பார் என்றேன். பெக்கி வாய்க்குள் கேக்கோடு சிரித்துவிட்டாள். சிரித்ததில் அவளுக்கே கோபம் வந்தது. தட்டின் அட்டையில் எழுத வேண்டும் என்றாள். எதை எழுதுவது என்று வெய்ன் கேட்டான்.

"அவன் என்ன சொன்னானோ அதைத்தான். கீழே ரோண்டா பேரையும் போடணும். முழுப் பேரு."

டெஸ்ஸாவுக்கு அப்படியே எழுதி அனுப்பினோம். கிளம்பும்போது பெக்கி என் பக்கம் பார்க்காமல் கேக் டப்பாவை என் கையில் திணித்தாள். உள்ளே ஒரு துண்டு இருந்தது, ஓரத்துத் துண்டு, கொஞ்சம் தீய்ந்தது.

ஜூனில் தட்டு வந்தது. பின்னட்டையில், பாட்டுப் பட்டியலுக்கு மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது: 'டென்னி கோர்னர் அவ்வளவு மெதுவாக வாசிக்கவில்லை. தவறு என்னுடையது. ரோண்டா மே கோர்னர்.' என் நடுப்பெயர் 'மே' என்பது பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இப்போது தினமும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகின்றன.

போன வாரம் டயர் கடைக்குப் போனேன். இப்போது பெக்கிதான் நடத்துகிறாள். கல்லாப்பெட்டிக்கு மேல் ஒரு பிளேயர் வைத்திருக்கிறாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்கள் தட்டுதான். எனக்கு முன்னால் சோள விவசாயி ஒருவர் பிக்கப் டிரக்கின் டயரோடு நின்றிருந்தார். டென்னி விறுவிறுவென்று நாலு எண்ணினான். பிறகு ஒரு சின்ன வெற்றிடம். அதற்கப்புறம் வெய்னும் நானும் மெல்ல ஆடி அசைந்து வந்து சேர்ந்தோம். விவசாயி முகத்தைச் சுளித்து, உங்க டேப்புல ஏதோ கோளாறு இருக்கும்மா என்றார்.

பெக்கி அவர் டயரைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இனி கால் மணி நேரத்துக்கு அந்த மனிதர் நகர முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேப்புல ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "என் வீட்டுக்காரர் சரியாத்தான் எண்ணுறாரு. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் லேட்டு."